புல்தரையில் விழுந்த சொட்டையை நிரப்ப அருகா, பஃபலோவா?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் வீட்டு முன்னால் இருக்கும் புல்தரைகளில் ஒரே வகைப் புல் மட்டும் வளர்வது அபூர்வம். உள்ளூர் நர்சரியில் வாங்கியது கொஞ்சம், மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலிருந்து வந்த பாய்ப்புல் கொஞ்சம், யாரும் கேட்காமலே வந்து சேர்ந்த அருகு மீதி. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தென்னை நிழலில் மண் தெரிய ஆரம்பித்ததும் எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி வந்தது. பெர்முடா விதை தூவுவதா, பஃபலோ நடுவதா, கொரியனா? நான் பஃபலோ பக்கம் போனேன்.

எதை வாங்கினாலும் அதற்கு முன் தரையில் ஏற்கெனவே இருப்பது என்னவென்று தெரிய வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பிடியை வேரோடு எடுத்து, மண்ணை அலசிவிட்டுப் பாருங்கள். பஃபலோ என்று இங்கே விற்பதன் இலை ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட வரும், நுனி மழுங்கியிருக்கும், தண்டு தட்டையாக இருக்கும். பூங்காம்பின் உச்சியில் இரண்டு கதிர்கள் கவட்டை போலப் பிரியும். பல நேரம் கீழே மூன்றாவது ஒன்றும் இருக்கும். அருகின் இலை ஒடுக்கமானது, கூர்மையானது. இலை தண்டோடு சேரும் இடத்தில் வெள்ளை மயிர் தெரியும். மூன்று முதல் ஆறு வரை மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியிலிருந்து விரியும். கடையில் பெர்முடா என்று விற்பதும் இந்த அருகம்புல் இனம்தான். கொரியன் ஊசி போல விறைப்பாக நிற்கும், உள்ளங்கையில் குத்தும்.

அருகு மாதிரியே கதிர் விரிக்கும் ஒரு களை உண்டு, கேழ்வரகுக்கு உறவு. அது ஓடாது, குத்தாக நிற்கும், அடித்தண்டு வெளுத்துத் தட்டையாக இருக்கும். கோரைக்குத் தண்டு முக்கோணம். கோரை இருந்தால் கிழங்கோடு அதை எடுத்த பிறகுதான் வேறு வேலை.

கொரியனைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நான் வளர்த்ததில்லை. மதினி வீட்டில் பார்த்தவரை அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் மிக மெதுவாகப் படரும், வெட்டாமல் விட்டால் மேடு மேடாக உப்பும். பரந்த இடத்தில் புதிதாகப் போடச் சரி, கலந்து கிடக்கும் தரையில் சொட்டை அடைக்க உதவாது.

மீதி இருப்பது அருகும் பஃபலோவும். வெயில், நிழல் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அருகுக்குத் தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், பஃபலோ பாதி நிழலிலும் தழைக்கும். ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது அதுவல்ல, பராமரிப்புதான். குறிப்பாக, தண்டு எங்கே ஓடுகிறது என்பது.

பஃபலோ மண்ணுக்கு மேலேதான் ஓடும். கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும், அவ்வளவுதான். ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு கோடு வெட்டிவிட்டால் அதற்குள் நிற்கும். நாளைக்கு வேண்டாமென்றால் பாய் போலச் சுருட்டி எடுத்துவிடலாம். அருகு மேலேயும் ஓடும், மண்ணுக்குள்ளேயும் ஓடும். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டம் பூச்செடிப் பாத்திக்குள்ளும் நடைபாதைக் கல் இடுக்கிலும் வந்துவிடும். தோண்டி எடுக்கும்போது ஒரு கணு உள்ளே தங்கினால் போதும், திரும்ப முளைக்கும்.

இரண்டும் கலந்தால் வெட்டுவதிலும் சிக்கல். அருகை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒட்ட வெட்டினால்தான் அடர்த்தி வரும். அந்த உயரத்தில் பஃபலோவின் இலையெல்லாம் போய்ப் பழுப்புத் தண்டு தெரியும். பஃபலோவுக்காக ஐந்து சென்டிமீட்டர் விட்டால் அருகு நெட்டையாகி அடியில் காய்ந்து போகும். வளரும் காலத்தில் அருகுக்கு வாரா வாரம் மெஷின் ஓட்ட வேண்டும், தழைச்சத்தும் அதிகம் கேட்கும். ஏற்கெனவே பஃபலோ பாதிக்கு மேல் இருக்கும் தரையில் பெர்முடா விதை தூவுவது இரண்டு வேலையையும் தலையில் ஏற்றிக்கொள்வதுதான்.

எங்கள் ஊர்ப் பருவமும் பஃபலோவுக்குத்தான் சாதகம். பெர்முடா விதை மணல் போலப் பொடி. ஆனி, ஆடிச் சாரலில் சரிவான இடத்தில் அடித்துக்கொண்டு போகும், மிச்சம் முளைத்தாலும் மேகமூட்டத்தில் நோஞ்சானாக நிற்கும். பஃபலோ ஓடுதண்டை மூன்று கணு அளவில் நறுக்கி, அரையடிக்குள் ஒன்றாகச் சாரல் தொடங்கும்போது ஊன்றினால் தனியாகத் தண்ணீர் விடும் வேலை அநேகமாக இல்லை.

குறையும் உண்டு. வேர் ஆழமில்லாததால் பங்குனி, சித்திரையில் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். மிதி தாங்காது. பிள்ளைகள் தினமும் கிரிக்கெட் ஆடும் முற்றத்துக்கு அருகுதான் சரி. தென்காசி தாண்டிக் கிழக்கே மழை குறையக் குறைய அங்கேயும் அருகைத்தான் சொல்வேன். உவர் மண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் பஃபலோ மஞ்சளாகிவிடும்.

அருகு என்று முடிவு செய்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். பாயாக வாங்கிப் போட்ட பெர்முடா பெரும்பாலும் கலப்பினமாக இருக்கும். 1960இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வெளியான டிஃப்வே 419 அப்படிப்பட்டது, அதில் முளைக்கும் விதை கிடைக்காது. அதன்மேல் பாக்கெட் விதையைத் தூவினால் நிறமும் இலை அகலமும் ஒட்டாமல் திட்டுத் திட்டாகத் தெரியும். அதே புல்லின் தண்டை வெட்டி ஊன்றுவதுதான் வழி.

பஃபலோ பாய் வாங்குகிறவர்கள் வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள். அடிமண்ணில் கூர்மையான வெள்ளைத் தண்டு ஓடினால் அது அருகு, கறுப்பாகச் சின்னக் கிழங்கு தெரிந்தால் கோரை. அந்தப் பாயை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.