தொண்டை கட்டினால் அதிமதுரமா, ஆவியா?

வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள், மேடைப் பேச்சாளர்கள், பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயரைக் கூவுபவர்கள்... குரல் கம்மினால் இவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டும்தான்.

அதிமதுரக் குச்சியில் ஒரு துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டால் இனிப்போடு உமிழ்நீர் ஊறும், தொண்டைக் கரகரப்பு கொஞ்சம் அடங்கும். நாட்டு மருந்துக் கடையில் மலிவு. இரண்டு பீரியடுக்கு நடுவிலும் மெல்லலாம். ஆனால் விழுங்குவது எதுவும் உணவுக்குழாய்க்குத்தான் போகிறது. மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கும் குரல் நாண்களை அது தொடுவதே இல்லை. அப்புறம், தினமும் மென்றுகொண்டிருந்தால் அதிலுள்ள கிளைசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் கிட்டவே போக வேண்டாம்.

ஆவி மூச்சோடு உள்ளே போய் நாண்களையே ஈரப்படுத்தும். வெறும் வெந்நீர் போதும். தைலம் சேர்த்தால் சுகமாக இருக்கும், ஆனால் சிலருக்கு எரிச்சல் கூடும். பாத்திரத்தை மேசைமேல் ஆடாமல் வையுங்கள், மடியில் வேண்டவே வேண்டாம். என்ன, ஸ்டாஃப் ரூமில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார முடியாது!

என் ஓட்டு ஆவிக்கே, அதுவும் இரவில். பகலுக்குத் தண்ணீர். ஆனால் நாண்களின் வீக்கம் வடிய, பேச்சைக் குறைத்தே ஆக வேண்டும். கிசுகிசுப்பது ஓய்வில் சேராது, அதுவும் சிரமம்தான். 3 வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லையா? காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.