கார்பன் ரிம்மா, அலாய் ரிம்மா?

மவுண்டன் பைக்கில் கல் நிறைந்த இறக்கத்தில் வேகமாகப் போகும்போது பின்னால் "டங்" என்று ஒரு சத்தம் கேட்கும். டயர் முழுக்க அமுங்கி, கல் நேராக ரிம்மில் இடித்திருக்கிறது. இறங்கிப் பார்த்தால், அலாய், அதாவது அலுமினியக் கலவை ரிம்மில் அநேகமாக விளிம்பில் ஒரு சொட்டை இருக்கும். கார்பன் இழையால் செய்த ரிம்மில் பெரும்பாலும் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் எப்போதாவது ஒரு நாள் ரிம்மே போயிருக்கும். மவுண்டன் பைக்குக்குச் சக்கரம் வாங்க யோசிப்பவர்கள் முதலில் எடையைத்தான் கேட்கிறார்கள். நான் இந்த "டங்"கிலிருந்துதான் தொடங்குவேன்.

சரி, எடையையும் பார்த்துவிடுவோம். ஒரே வேலைக்குச் செய்த இரண்டு ஜோடிச் சக்கரங்களை எடுத்தால், கார்பன் ஜோடி சுமார் 200 முதல் 300 கிராம் வரை குறைவாக இருக்கலாம். சில சமயம் அந்த வித்தியாசமும் இருக்காது. நல்ல அலாய் ரிம், முரட்டு ஓட்டத்துக்கென்று தடிமனாகச் செய்த கார்பன் ரிம்மைவிட லேசாக இருப்பதும் உண்டு. சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் எடை முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்கிறது. அதனால் வேகமெடுக்கும்போது அங்கே இருக்கும் 100 கிராம், வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) இருக்கும் கிட்டத்தட்ட 200 கிராமுக்குச் சமம். வளைவுக்கு வளைவு நின்று மிதிக்கும் பாதையில் இது காலுக்குத் தெரியும். சீராக ஏறும் மலையில் இந்த இரட்டிப்பு கிடையாது. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்றால் 300 கிராம் என்பது 300-இல் ஒரு பங்கு. ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஏறக்குறைய 12 விநாடி. பந்தயக்காரருக்கு அது பெரிய விஷயம். எனக்கு, மேலே போய்த் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கும் நேரம்.

விறைப்பில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. அலாய் ரிம் என்பது அலுமினியக் கலவையை அச்சு வழியாக நீளச் சட்டமாகப் பிதுக்கி, வளையமாகச் சுற்றி, இரு முனைகளையும் இணைத்துச் செய்வது. அதனால் சுற்றளவு முழுக்கக் குறுக்குவெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். கார்பனை அச்சுக்குள் அடுக்கடுக்காக வைத்து ரெசினோடு இறுக்குகிறார்கள். ஸ்போக் துளை வரும் இடத்தில் கூடுதலாக ஓர் அடுக்கு, கல் இடிக்கும் விளிம்பில் தடிமன் என்று இடத்துக்கு இடம் மாற்ற முடியும். இப்படிச் செய்த ரிம் பக்கவாட்டில் எளிதில் வளையாது. வேகமாக ஒரு வளைவில் சாய்ந்தால், கை காட்டிய கோட்டில் முன் சக்கரம் போகும். அடிபட்டு அடிபட்டுக் கோட்டம் விழுவதும் குறைவு. அலாய் சக்கரத்தை அவ்வப்போது ஸ்டாண்டில் ஏற்றி ஸ்போக் முனையில் இருக்கும் நிப்பிளைத் திருகிக் கோட்டம் எடுக்க வேண்டியிருக்கும். என் கார்பன் சக்கரத்தில் அந்த வேலை அரிதாகத்தான் வந்தது.

அதே விறைப்பு எதிராகவும் திரும்பும். கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் விறைத்த முன் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் பட்டு விலகி எகிறும். கொஞ்சம் நெளிந்து கொடுக்கும் சக்கரம் இடுக்கில் வழி தேடிப் போகும். கடுமையான இறக்கப் பந்தயக்காரர்களிலேயே பலர் இன்னும் அலாயில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கார்பன் தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். 2019-இல் ஜிப் என்ற சக்கரத் தயாரிப்பு நிறுவனம் தட்டையான, ஒற்றைச் சுவர் கொண்ட மவுண்டன் பைக் ரிம்மை, வேண்டுமென்றே நெளிந்து கொடுக்கும்படி வடிவமைத்து வெளியிட்டது. கார்பன் என்றாலே கை கடுக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதோடு, மேலும் கீழும் அமுங்குவதில் டயரோடு ஒப்பிட்டால் ரிம்மின் பங்கு மிகச் சிறியது. கை வலிக்கிறது என்றால் முதலில் காற்றை 2 பிஎஸ்ஐ குறைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தச் சொட்டைக்கு வருகிறேன். ஒருமுறை அலாய் ரிம்மில் கட்டைவிரல் அகலத்துக்கு விளிம்பு உள்ளே மடங்கிவிட்டது. டியூப்லெஸ் டயர், காற்று அந்த வழியே சீறியது. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் வாயில் விளிம்பைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நிமிர்த்தினேன். அழகாக வரவில்லை, ஆனால் டயருக்குள் ஊற்றியிருந்த சீலன்ட் திரவம் மிச்சத்தை அடைத்தது. அந்தச் சக்கரம் அதற்கப்புறம் ஒரு வருடம் ஓடியது. இதை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. மடக்கி நிமிர்த்திய அலுமினியம் ஒரு நாள் விரிசல் விடும்.

கார்பனில் நிமிர்த்துவது என்ற பேச்சே இல்லை. சின்ன இடிகளைக் கண்டுகொள்ளாமல் வாங்கிக்கொள்ளும். எல்லை தாண்டினால் இழை அறுந்து அடுக்குகள் பிரியும். எனக்கு அது நடந்தபோது வெளியே தெரிந்தது ஒரு முடி அளவு கோடு மட்டும். ஸ்போக் துளையருகே சீலன்ட் நுரையாகக் கசிந்த பிறகுதான் புரிந்தது. டியூப் போட்டு ஓட்டலாமா என்று யோசித்து, இறக்கம் மிச்சமிருந்ததால் தள்ளிக்கொண்டே நடந்தேன். அதனால் பலமாக இடித்த கார்பன் ரிம்மை டயரைக் கழற்றி, ரிம்மில் ஒட்டிய டேப்பை உரித்து, உள்பக்கமும் பார்க்க வேண்டும். நகத்தால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால், அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

கார்பனுக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அதன் விளிம்பு பொதுவாகத் தடிமனாக, மழுங்கலாக இருக்கும். அலாய் விளிம்பு மெலிந்தது. கல்லுக்கும் அதற்கும் நடுவே சிக்கும் டயர் கத்தரித்தாற்போல் கிழியும். மழுங்கிய விளிம்பில் அந்தப் பஞ்சர் குறைவு.

விலையில் ஒப்பீடே தேவையில்லை, கார்பன் பல மடங்கு. வாங்குவதானால் வாரண்டியை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஓட்டும்போது உடைந்தாலும் மாற்றித் தருகிறார்களா, முதல் உரிமையாளருக்கு மட்டுமா, மாற்று ரிம்மை ஸ்போக் கோத்துத் தருவது யார் செலவு? பழைய கார்பன் சக்கரத்தை இரண்டாம் கையாக, வாரண்டி இல்லாமல் வாங்குவதை நான் செய்யவே மாட்டேன். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் அலாய் ரிம், அதில் நல்ல ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பின்னால் பக்கச்சுவர் தடித்த டயர். மலிவு ஹப்பில் கட்டிய கார்பனைவிட இது எவ்வளவோ மேல்.

இடி அதிகம் வாங்குவது பின் சக்கரம். திசை காட்டுவது முன் சக்கரம். அதனால் என் வண்டியில் இப்போது முன்னால் நெளிந்து கொடுக்கும் ரக கார்பன், பின்னால் 32 ஸ்போக் அலாய். இரண்டின் கறுப்பும் ஒத்துப்போகவில்லை, பார்ப்பவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். பின் ரிம்மில் ஏற்கெனவே இரண்டு சொட்டை விழுந்திருக்கிறது. ஸ்பேனர் பையிலேயே இருக்கிறது.