தொழுகை நேர ஆப்: செட்டிங்ஸைத் திறந்து பார்க்காமல் நம்பிவிடாதீர்கள்

ஐவேளைத் தொழுகை நேரம், கிப்லா (தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசை), குர்ஆன், ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) தேதி என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருகிற ஆப்களில் ஒன்றைத்தான் நான் தினமும் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம், ஏனென்றால் இங்கே சொல்லும் குறை இந்த வகை ஆப்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத ஊரில், பள்ளிவாசலே கண்ணில் படாத இடத்தில் தனியாக இருப்பவருக்கு இது பெரிய உதவி. கிப்லாவும் சரியாகவே காட்டுகிறது. தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் நியூயார்க்கிலிருந்து மக்கா தென்கிழக்கில் இருப்பதாகத் தோன்றும், ஆனால் உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி வடகிழக்காகப் போகிறது, ஆப் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. ஃபோனை இரும்பு மேசை மேல் மட்டும் வைக்காதீர்கள், திசை தப்பாகக் காட்டும்.

சரி, இப்போது சிக்கலுக்கு வருவோம். ஆப்பை நிறுவி, இருப்பிட அனுமதி கொடுத்ததும் ஐந்து நேரங்கள் நிமிடச் சுத்தமாக வந்து நிற்கின்றன. அவற்றை எந்தக் கணக்கில் போட்டது என்று முதல் திரையில் ஒரு வரி கூட இல்லை. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இருக்கும்போது சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொடங்குகிறது என்பதில் உலகில் ஒரே கணக்கு கிடையாது. முஸ்லிம் உலக லீக் 18 பாகை என்கிறது, எகிப்தின் முறை 19.5, வட அமெரிக்காவில் பரவலான முறை 15. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வித்தியாசம், வடக்கே தெற்கே போகப் போக இன்னும் கூடும். நோன்பு காலத்தில் ஸஹரை (விடியலுக்கு முன் உண்ணும் உணவை) எப்போது நிறுத்துவது என்பதே இதில்தான் இருக்கிறது. அஸர் என்ற பிற்பகல் தொழுகையில் இடைவெளி இன்னும் பெரிது. நிழல் பொருளின் அளவுக்கு நீண்டதும் அஸர் என்பது ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட மரபு), இரண்டு மடங்கு ஆகட்டும் என்பது ஹனஃபி மத்ஹப் (நண்பகல் நிழலைக் கழித்துத்தான்), இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட ஆகலாம். இதை மாற்றும் வசதி ஆப்பில் இருக்கிறது, ஆனால் செட்டிங்ஸுக்குள் மூன்று திரை தாண்டி, பெரும்பாலானோர் எட்டிப் பார்க்காத மூலையில்.

இதனால் என்ன நடக்கிறது? ஹனஃபி பள்ளிவாசலுக்குப் போகிற இளைஞன் ஃபோனைப் பார்த்துவிட்டு "நம்ம பள்ளியில் பாங்கு லேட்டா சொல்றாங்க" என்கிறான். ஹஜ்ரத்திடம் (பள்ளிவாசல் இமாமிடம்) போய்க் கேட்பதுகூட இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு ஜமாஅத் கடைப்பிடித்து வந்த வழக்கம், யாரோ ஒரு நிரலாளர் முன்கூட்டியே டிக் அடித்து வைத்த ஒரு பெட்டியால் தப்பாகிப் போகிறது. உலகமயமாக்கல் மதத்தை அழிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை அது தொழுகையை விடச் சொல்வதில்லை, எல்லாரையும் ஒரே மாதிரி தொழச் சொல்கிறது. எனக்கு அதுதான் கவலை.

கணக்கும் கருவியும் மார்க்கத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தொழுகை நேரம் கணிக்கவே பள்ளிவாசல்களில் முவக்கித் என்ற வானியலாளர்கள் இருந்தார்கள். டமாஸ்கஸின் உமய்யா பள்ளிவாசலில் அந்தப் பொறுப்பில் இருந்த இப்னு அல்ஷாதிர், 14ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு பெரிய சூரியக் கடிகாரமே அமைத்தார். ஆனால் அவர் அந்தப் பள்ளிவாசலின் ஆள், சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்கலாம். ஆப்பில் யாரைக் கேட்பது?

குர்ஆன் பகுதியிலும் இதே கதை. 1924இல் கெய்ரோவில் அச்சான பதிப்பு குர்ஆனை ஓதும் முறைகளில் ஒன்றான ஹஃப்ஸ் ஓதல் முறையை உலகெங்கும் கொண்டுபோனது, ஆப்பிலும் அது மட்டும்தான். மொராக்கோவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கோடிக்கணக்கானோர் ஓதுகிற வர்ஷ் முறை இதில் இல்லவே இல்லை. அச்சு தொடங்கியதை ஃபோன் முடித்துவிடுமோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் இருப்பிட அனுமதி. 2020 நவம்பரில், கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ஒரு தொழுகை ஆப்பின் இருப்பிடத் தகவல், தரவு விற்கும் நிறுவனம் ஒன்றின் வழியாக அமெரிக்க ராணுவத்துக்கான ஒப்பந்ததாரர்கள் வரை போனதாகச் செய்தி வெளியானது. ஊர் பெயரைக் கையால் போட்டாலே நேரம் வந்துவிடும், ஜிபிஎஸ் தேவையே இல்லை.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். நிறுவினால் முதல் வேலையாக உங்கள் பள்ளிவாசலின் நேர அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, கணக்கு முறை, மத்ஹப் இரண்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஹிஜ்ரி தேதியை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளவும் இடமிருக்கிறது, பிறை அறிவிப்பு வந்த பிறகு அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆப் செய்கிறவர்கள் முதல் திரையிலேயே "உங்கள் பள்ளிவாசல் எந்த முறை?" என்று ஒரு கேள்வி கேட்டால் நான்காவது நட்சத்திரத்தையும் சந்தோஷமாகத் தருவேன்.