“மெயில்பாக்ஸ் நிறைந்துவிட்டது”: ஏற்றுமதிக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஒரு திருட்டு

திருப்பூர், கரூர் பக்கம் ஏற்றுமதி செய்கிறவர்களும், அந்த ஆபீஸ்களில் மெயில் பார்க்கிற பிள்ளைகளும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார். கணக்கு வழக்கு என் பொறுப்பு. எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பியப் பையர் போட்ட பேலன்ஸ் பேமெண்ட் மொத்தமும் எவனோ ஒருவன் அக்கவுண்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தொகையைச் சொல்லவில்லை, ஒரு சீசன் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒரு மெயிலில் ஆரம்பித்தது. மெயில் வசதிக்கு நாங்கள் பணம் கட்டும் பெரிய டெக் கம்பெனியின் பெயரில் வந்தது. அவர்கள் பெயரைத் திருடன் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான், அதனால் பெயர் வேண்டாம். “உங்கள் மெயில்பாக்ஸ் நிறைந்துவிட்டது. உங்களுக்கு வந்த 6 மெயில்கள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. 24 மணி நேரத்துக்குள் சரிபார்க்கவும்.” லோகோ, எழுத்து, அடியில் பொடியாக இருக்கும் அலுவலக முகவரி எல்லாம் அச்சு அசல். ஷிப்மென்ட் நெருங்கும் வாரம் வேறு. பையரிடமிருந்து சாம்பிள் அப்ரூவல் எப்போது வரும் என்று காத்திருக்கும் மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் ‘உனக்கு வந்த மெயில் நிற்கிறது’ என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? பட்டனை அமுக்கினாள். லாகின் பக்கம் வந்தது. பாஸ்வேர்டு போட்டாள், போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் போட்டாள். இன்பாக்ஸ் திறந்தது. எங்கள் நிஜமான இன்பாக்ஸ்தான். வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த நிஜ இன்பாக்ஸ் திறந்ததில்தான் வித்தையே இருக்கிறது. பழைய போலிப் பக்கங்கள் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு ‘தவறு, மறுபடி முயலவும்’ என்று முழிக்கும், அங்கேயே சந்தேகம் வந்துவிடும். இப்போது வருவது அப்படி இல்லை. நமக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, நாம் தட்டுவதை அந்த நொடியே அங்கே அனுப்பி, அங்கிருந்து வருவதை நமக்குக் காட்டுகிறது. ஓ.டி.பி.யும் அதே வழியாகத்தான் போகிறது. லாகின் முடிந்ததும் உண்மையான தளம் ‘இவர் உள்ளே வந்துவிட்டார்’ என்று தரும் அடையாளச் சீட்டு, அதாவது செஷன் குக்கீ, நடுவில் நிற்பவன் கையிலும் இருக்கும். அதற்கப்புறம் அவனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். ‘எனக்குத்தான் ஓ.டி.பி. இருக்கே’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளே வந்தவன் எதையும் எடுக்கவில்லை. யாருக்கும் கண்டபடி மெயில் அனுப்பவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்தான். எந்தப் பையர், எந்த ஆர்டர், எவ்வளவு அட்வான்ஸ் வந்திருக்கிறது, பாக்கி எப்போது வரும், அண்ணன் பையருக்கு எப்படி வணக்கம் சொல்வார், நான் பி.ஐ.யை, அதாவது பணம் கேட்டு முன்கூட்டியே அனுப்பும் புரொஃபார்மா இன்வாய்ஸை, எந்த ஃபார்மட்டில் போடுவேன், எல்லாம். படித்துக்கொண்டே ஒரு ரூலும் எழுதி வைத்தான்: அந்தப் பையரிடமிருந்து எது வந்தாலும் இன்பாக்ஸில் நிற்காமல், ‘படித்தது’ என்ற குறியுடன் ‘ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ்’ என்ற ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். அந்த ஃபோல்டரை எங்கள் ஆபீஸில் ஒருவரும் திறந்ததே கிடையாது. உங்கள் ஆபீஸில் திறந்திருக்கிறீர்களா? ரூலுக்கு அவன் வைத்த பெயர் வெறும் ஒரு புள்ளி.

பிறகு எங்கள் டொமைன் பெயரை, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை, போலவே, நடுவில் ஒரு எழுத்து மட்டும் கூடுதலாக, புது டொமைன் ஒன்றைப் பதிவு செய்துகொண்டான். அங்கிருந்து பையருக்கு, பழைய மெயில் தொடரின் மேலேயே பதில். ஆடிட் நடப்பதால் வழக்கமான அக்கவுண்ட்டில் பணம் வாங்க முடியவில்லை, பாக்கியை இந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்பவும் என்று, எங்கள் லெட்டர்ஹெட், எங்கள் சீல், அண்ணன் கையெழுத்தோடு ஒரு திருத்தப்பட்ட பி.ஐ. பையர் சும்மா அனுப்பிவிடவில்லை, பாவம். ‘இது சரிதானா, உறுதிப்படுத்துங்கள்’ என்று கேட்டிருக்கிறார். அந்த மெயிலுக்கே பதில் போட்டுக் கேட்டிருக்கிறார். திருடன் உறுதிப்படுத்திவிட்டான்.

“ஏந்தம்பி, பணம் போட்டு எத்தனையோ நாளாச்சுங்கறான். பேங்க்ல கேட்டா வரலைங்கறாங்க.”

“ஸ்விஃப்ட் காப்பி கேளுங்கண்ணா. மெயில்ல வேண்டாம், வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க.”

பணம் அனுப்பியதற்குப் பையரின் பேங்க் தரும் அத்தாட்சிதான் ஸ்விஃப்ட் காப்பி. அது வந்தது. பெறுநர் பெயர் எங்கள் கம்பெனி பெயரேதான். அக்கவுண்ட் நம்பர் நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு பேங்க்கில், வேறொரு நாட்டில். பெயர் பொருந்துகிறதா என்று பேங்க் பார்க்கும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் நம்பரை வைத்துத்தான் வரவு வைக்கிறார்கள். யூரோ நாடுகளிலேயே, யூரோவில் பணம் அனுப்பும்போது பெயரையும் நம்பரையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்ற விதி 2025 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கதை அதற்கு முந்தையது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரைக் கூப்பிட்டோம். ‘வைரஸ்ங்க’ என்றார். எல்லா சிஸ்டத்தையும் ஃபார்மட் செய்தார், ஆன்டிவைரஸ் ஒன்றைத் தலையில் கட்டினார், மெயில் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டு பில்லை நீட்டினார். திருடன் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால்தானே? அவன் இருந்தது மெயில் சர்வரில். வீட்டுக்குள் திருடனை வைத்துக்கொண்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்த கதைதான். அந்தப் புள்ளி ரூல் அப்படியே இருந்தது. பையர் அடுத்தடுத்து அனுப்பிய மெயில்கள் பழையபடி அந்த ஃபோல்டருக்கே போய்க்கொண்டிருந்தன. போதாததற்கு, எந்த லிங்க், எப்போது திறந்தது என்பதற்கு பிரவுசர் ஹிஸ்டரியில் இருந்த சாட்சியமும் ஃபார்மட்டில் அழிந்துபோனது. போலீஸில் கேட்டபோது கையை விரிக்க வேண்டியிருந்தது.

இப்படி மாட்டிக்கொண்டால் எதையும் அழிக்காதீர்கள். வேறொரு சுத்தமான போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ உள்ளே போய், முதலில் எல்லாக் கருவிகளிலிருந்தும் அந்த மெயில் அக்கவுண்ட்டை லாக் அவுட் செய்யுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் சில சேவைகளில் பழைய செஷன் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். பாஸ்வேர்டு மாற்றிய கையோடு ரூல்கள், ஃபில்டர்கள், தானாக ஃபார்வேர்டு ஆகும் முகவரி, அக்கவுண்ட்டை மீட்பதற்கான போன் நம்பர், இவற்றில் நீங்கள் வைக்காத எது இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத் தூக்குங்கள். அனுமதி கொடுக்கப்பட்ட ஆப்கள் பட்டியலையும் பாருங்கள். 2017 மே மாதம் ‘கூகுள் டாக்ஸ்’ என்றே பெயர் வைத்த ஒரு போலி ஆப் மெயிலில் பரவியது. அது பாஸ்வேர்டே கேட்கவில்லை, ‘அனுமதி’ பட்டனை அமுக்கினால் போதும். அந்த மாதிரி அனுமதி பாஸ்வேர்டு மாற்றத்தால் மட்டும் போய்விடும் என்று நம்பி உட்கார முடியாது.

சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்து, மத்திய அரசின் சைபர் கிரைம் போர்ட்டலிலும் பதிந்தோம். இந்தியாவுக்குள் ஒரு அக்கவுண்ட்டிலிருந்து பணம் போயிருந்தால் 1930தான் உங்கள் முதல் போன், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எங்கள் விஷயத்தில் பணம் கிளம்பியதும் வெளிநாடு, சேர்ந்ததும் வெளிநாடு. பையர்தான் தன் பேங்க்கில் திரும்பக் கேட்க வேண்டும், தன் ஊர் போலீஸில் புகார் தர வேண்டும். அவர் அதைச் செய்வதற்குள் அக்கவுண்ட் துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது. ‘நான் பணம் கட்டிவிட்டேன்’ என்கிறார் அவர். ‘எனக்கு வரவில்லை’ என்கிறார் அண்ணன். யார் மெயில் ஓட்டையானது என்று கேட்டால் பதில் எங்கள் பக்கம். கடைசியில் நஷ்டத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பழகிய பையர் என்பதால் அதுவாவது நடந்தது. வர வேண்டிய டாலர் முழுதாக வராததால் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) பேங்க் கணக்கில் முடியாமல் கிடந்து, அதற்கு விளக்கக் கடிதம் எழுதியே எனக்குக் கை ஓய்ந்தது.

‘படிக்காதவன் மாதிரி ஏமாந்துட்டோமே’ என்று அண்ணன் பல நாள் புலம்பினார். கூகுளும் ஃபேஸ்புக்கும் இதே போலி இன்வாய்ஸ் வேலையில் 2013க்கும் 2015க்கும் இடையில் 12 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்து ஏமாந்தார்கள் என்று எடுத்துக் காட்டினேன். எவால்டாஸ் ரிமாசௌஸ்காஸ் என்ற லிதுவேனியாக்காரர், அவர்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் தைவான் கம்பெனியின் பெயரில் இன்வாய்ஸ் அனுப்பியே வாங்கிவிட்டார். 2019 டிசம்பரில் நியூயார்க் கோர்ட் அவருக்கு 5 வருடம் கொடுத்தது. அண்ணன் கேட்டுவிட்டு, “அவங்க தாங்குவாங்க தம்பி” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி அடையாளம் காண்பது பற்றி. ‘எழுத்துப் பிழை இருக்கும், பார்த்தாலே தெரியும்’ என்று இன்னமும் வகுப்பெடுப்பவர்களை நம்பாதீர்கள். எங்களுக்கு வந்த மெயிலில் ஒரு பிழை கிடையாது. என்னைவிட நல்ல ஆங்கிலம். அனுப்புநர் பெயர் யார் வேண்டுமானாலும் எதுவாகவும் போட்டுக்கொள்ளக்கூடியது. முகவரியிலும் ஆங்கில ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதினால் போன் திரையில் ‘எம்’ போலவே தெரியும். மைக்ரோசாஃப்ட் பெயரை வைத்து இந்த வித்தை நிறைய நடக்கிறது. 2025 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போய், கூகுளின் சொந்த முகவரியிலிருந்தே, டிஜிட்டல் கையொப்பச் சோதனையிலும் தேறுகிற மாதிரி ஒரு போலி மெயில் வந்தது. கூகுள் உண்மையாக அனுப்பிய ஒரு எச்சரிக்கை மெயிலைத் தங்களுக்கு வேண்டிய வாசகத்தோடு வரவழைத்து, அதை அப்படியே பிறருக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே மெயிலைப் பார்த்து முடிவு செய்வதை எங்கள் ஆபீஸில் விட்டுவிட்டோம். ‘நிறைந்துவிட்டது’, ‘முடக்கப்படும்’, ‘யாரோ நுழைந்தார்கள்’ என்று எது வந்தாலும் அந்த மெயிலில் உள்ள பட்டனைத் தொடுவதில்லை. தனியாக பிரவுசர் திறந்து, நாமே முகவரி தட்டி உள்ளே போனால், உண்மையில் இடம் நிறைந்திருந்தால் அங்கேயே சொல்லும். ஒருவேளை லிங்க்கில் போய்விட்டால், பாஸ்வேர்டு போடுமுன் மேலே உள்ள முகவரியில் ஆரம்பத்தைப் பார்க்காமல், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் டாட் காம் டாட் மெயில்செக் டாட் நெட்’ என்றிருந்தால் அது மைக்ரோசாஃப்ட் கிடையாது, மெயில்செக் என்று பெயர் வாங்கிய எவனோ ஒருவனுடையது.

அவசரத்தில் யார் இதையெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் பணம் சம்பந்தப்பட்ட மெயில் அக்கவுண்ட்களுக்கு பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது யு.எஸ்.பி. செக்யூரிட்டி கீ போட்டுவிட்டோம். அது உண்மையான டொமைனில் மட்டும்தான் வேலை செய்யும். நம் கண் ஏமாந்தாலும் போலிப் பக்கத்தில் அது வாயே திறக்காது. 85,000க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிய பிறகு ஒருவர் அக்கவுண்ட்கூட இப்படிப் பறிபோகவில்லை என்று 2018இல் கூகுள் சொன்னது. பையர்களிடமும், அக்கவுண்ட் மாற்றம் என்று எது வந்தாலும் பழைய போன் நம்பரில் அண்ணன் குரலைக் கேட்டுவிட்டுத்தான் பணம் போட வேண்டும் என்று பேசிவைத்து, அதை ஒவ்வொரு பி.ஐ.யிலும் அச்சடித்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. புகார் கொடுத்த கொஞ்ச நாளில் ‘சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் பிடிபட்டுவிட்டது, புராசஸிங் கட்டணம் கட்டினால் விடுவிப்போம்’ என்று போன் வந்தது. ஆர்டர் நம்பர் வரை சரியாகச் சொன்னார்கள். எங்கள் மெயிலைப் படித்தவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? போலீஸ் ஸ்டேஷனில் கேட்டோம், அப்படி ஒரு கட்டணமே கிடையாது என்றார்கள். அந்த நம்பரையும் அதே புகாரில் சேர்த்துவிட்டோம்.