பிரஷர் மாத்திரை சாப்பிடுபவரா? ஆன்லைன் எடைக்குறைப்புத் திட்டத்தில் சேரும் முன் இதைப் படியுங்கள்

பல வருடமாகப் பிரஷருக்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறேன். எடையும் ஏறிக்கொண்டே போனது. "12 வாரத்தில் எடை குறையும், பிரஷர் கட்டுக்குள் வரும், டாக்டர் குழு கூடவே இருக்கும்" என்ற விளம்பரத்தை நம்பி ஓர் ஆன்லைன் திட்டத்தில் மூன்று மாதக் கட்டணத்தையும் மொத்தமாகக் கட்டிச் சேர்ந்தேன்.

சேரும்போது ஒரு படிவம் வந்தது. என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று ஒன்று விடாமல் எழுதினேன். அதை ஒரு டாக்டர் படிப்பார் என்றுதான் நினைத்தேன்.

முதல் இரண்டு வாரத்திலேயே 3 கிலோ இறங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை. (ஆரம்பத்தில் வேகமாகக் குறைவதில் பெரும்பகுதி நீர்தான் என்று எங்கள் டாக்டர் பிறகு சொன்னார்.) தினமும் காலையில் பிரஷர் மெஷினின் திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். "அருமை! இப்படியே தொடருங்கள்" என்று பதில் வரும். ஒருநாள் 168/102 காட்டியது. பதறிப்போய் அனுப்பினேன். அதற்கும் "அருமை! இப்படியே தொடருங்கள்". அன்றைக்கே நான் விலகியிருக்க வேண்டும்.

அப்புறம் "சோடியம் குறைந்த உப்பு" என்று அவர்களே ஒரு டப்பா அனுப்பினார்கள். சாதா உப்பை விட்டுவிட்டு இதைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். போட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் மாடிப்படி ஏறும்போது கால்கள் துவண்டன. வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். பொட்டாசியம் 6.1. சுமாராக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. டாக்டர் உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். "உப்பு எதையாவது மாத்தினீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. டப்பாவை வரவழைத்துக் காட்டினோம். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: பொட்டாசியம் குளோரைடு.

டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகள், சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். அதன் மேல் இந்த உப்பையும் சேர்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அந்த உப்பு கெட்டது என்று சொல்ல மாட்டேன். 2021-இல் வெளியான சீன கிராமங்களின் பெரிய ஆய்வில் இப்படிப்பட்ட உப்பால் பக்கவாதம் குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோயாளிகளையும், பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரை (ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை) சாப்பிடுபவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அங்கே கேட்டுப் பிரித்தார்கள். இங்கே நான் எழுதிக் கொடுத்தும் ஒருவரும் பார்க்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஏழு நாளைக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். எந்த டாக்டர் என் படிவத்தைப் பார்த்தார், பெயரும் பதிவு எண்ணும் தாருங்கள் என்று மூன்று முறை எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. நீங்கள் சேருவதாக இருந்தால் இந்தக் கேள்வியைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

டெல்மிசார்டான், லோசார்டான், ராமிபிரில், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் இவற்றில் ஏதாவது சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இன்றே உப்பு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தால் அதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லிப் பொட்டாசியம் அளவைப் பாருங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.