ஐரிஸ் கிழங்கு என்று சொல்லி கிளாடியோலஸ் அனுப்புகிறார்கள், பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் யாராவது இந்த சீசனுக்கு ஆன்லைனில் ஐரிஸ் பூச்செடிக் கிழங்கு வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். "டச்சு ஐரிஸ், ஹாலந்து இறக்குமதி, 25 கிழங்கு 1,250 ரூபாய்" என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, ஜிபேயில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு எனக்கு அனுப்பியதில் முக்கால்வாசி கிளாடியோலஸ் என்ற வேறு பூச்செடியின் கிழங்கு. பெயரைப் போடவில்லை. இவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வந்துவிடுவார்கள், அதனால் பெயரைவிட ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் நமக்கு உதவும்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஆர்டர் கொடுத்தேன். பத்து நாளில் வரும் என்றார்கள், வந்தது தீபாவளி கழிந்த பிறகு. நம் மலையில் இந்தத் தாமதமே பெரிய நஷ்டம். செப்டம்பர், அக்டோபரில் மண்ணுக்குள் போனால்தான் நீர்ப்பனி விழும் நாட்களில் வேர் பிடித்து, உறைபனி தொடங்கும்போது கிழங்கு தயாராக இருக்கும். அதுகூடப் பரவாயில்லை என்று பார்சலைப் பிரித்தால், மேலே ஒரு கைப்பிடி மட்டும் உண்மையான ஐரிஸ், கண்ணீர்த்துளி வடிவத்தில், கூர்நுனியோடு, காகிதம் மாதிரி பழுப்புத் தோலோடு இருந்தது. தேங்காய் நாரைக் கிளறினால் அடியில் முழுக்கத் தட்டையாக, வட்டமாக வேறு ஏதோ கிடந்தது. மேல்பக்கம் நடுவில் ஒரு முளை, அடிப்பக்கம் போன வருஷத்துப் பழைய கிழங்கின் காய்ந்த வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குட்டிக் கிழங்குகள். கிளாடியோலஸ் வளர்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சந்தேகமே வேண்டாம் என்று ஒன்றைக் குறுக்கே வெட்டினேன். ஐரிஸாக இருந்தால் வெங்காயத்தை வெட்டியதுபோல உள்ளே அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். இதில் அடுக்கே இல்லை, முழுக்க ஒரே சதை. அதையும் உண்மையான ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். "மேடம், அது ஸ்மால் சைஸ், நட்டுப் பாருங்க, பிப்ரவரியில பூ வரும்" என்று பதில். அடுக்கு எங்கே என்று கேட்டால் "கிழங்குன்னா எல்லாம் ஒண்ணுதான் மேடம்". அப்புறம் நீல டிக் மட்டும் விழுந்தது, அதற்கும் அப்புறம் பிளாக்.

அந்த "நட்டுப் பாருங்க" என்பதில்தான் இவர்களுடைய மொத்த வியாபாரமும் இருக்கிறது. ஐரிஸ், கிளாடியோலஸ் இரண்டுக்கும் இலை வாள் மாதிரிதான் வரும், முளைத்த பிறகும் பலருக்கு வித்தியாசம் தெரியாது. பூ வரும்வரை காத்திருந்தால் மாதக்கணக்காகிவிடும், அதற்குள் ஏழு நாள் ரிட்டர்ன் எல்லாம் எப்போதோ முடிந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்காவும் இதே ஆளிடம் வாங்கியிருந்தார், அவர்கள் சொன்னதை நம்பி முழுவதையும் நட்டுவிட்டார். கிளாடியோலஸ் உறைபனி தாங்காது. டிசம்பரில் ஒரே இரவில் இலையெல்லாம் கருகிப் படுத்துவிட்டது, கேட்டதற்கு "உங்க ஊர் குளிர் ஜாஸ்தி மேடம்" என்றார்களாம். குளிருக்கென்றே இருக்கும் செடி என்று சொல்லி விற்றவர்கள் பேசுகிற பேச்சு இது. எனக்கு என் பணத்தைவிட அந்த அக்காவை அப்படி ஏய்த்ததுதான் ஆத்திரம்.

ஆகவே பார்சல் வந்த அன்றே பாருங்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் ஒன்றை வெட்டிப் பார்க்கத் தயங்க வேண்டாம், ஒரு கிழங்கு போனால் போகட்டும். நல்ல கிழங்கு கையில் கனமாக இருக்கும், வேர் கிளம்பும் அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். மெத்தென்று அமுங்கினால் அழுகல், அதை மற்றதோடு சேர்த்து வைக்கக்கூடாது. ரெட்டிகுலாட்டா என்ற குட்டை வகை வாங்கினால் தோல் வலைப்பின்னலாக இருக்கிறதா என்று பாருங்கள், அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். அதில் மை கொட்டியதுபோல் கருப்புக் கறை இருந்தால் பூஞ்சை நோய், நடவே வேண்டாம். ரெட்டிகுலாட்டா துருக்கி, காகசஸ் மலைப்பக்கத்துச் செடி, நீண்ட குளிர் கேட்கும். அதைச் "சென்னை மாடியிலும் பூக்கும்" என்று ஒருவர் விற்றால் அங்கேயே விலகிவிடுங்கள்.

வந்ததில் உண்மையான கிழங்குகளை வீணாக்க மனம் வரவில்லை. நம் மண் புளிப்பு, ஐரிஸுக்கு அது ஆகாது, அதனால் புளிப்பைக் குறைக்கும் டாலமைட் சுண்ணாம்புத்தூள் கலந்து, தண்ணீர் தேங்காமல் மணலும் சேர்த்து, 10 செ.மீ. ஆழத்தில் கூர்நுனி மேலே பார்க்க நட்டிருக்கிறேன். பூத்து இலை மஞ்சளானதும் ஜூன் மழைக்கு முன்னால் தோண்டி எடுத்துக் காயவைக்க வேண்டும். கோடையில் வறண்ட ஓய்வு கேட்கும் செடி, நம் தென்மேற்குப் பருவமழையில் மண்ணுக்குள்ளேயே விட்டால் அழுகிவிடும். இதையும் எந்த விற்பனைக்காரரும் சொல்வதில்லை.

பணம் விஷயம். 2020-ஆம் ஆண்டு வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றாலும், சொன்ன தேதிக்கு வராவிட்டாலும் விற்பவர் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்லக்கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். நான் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். ஆனால் பில் இல்லாமல், முகவரி இல்லாமல், தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்லும் ஆளைப் பிடிப்பது கஷ்டம், ஆகவே முகவரியும் பில்லும் தராதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். "ஹாலந்து இறக்குமதி" என்றால் தாவர சுகாதாரச் சான்றிதழையோ, இறக்குமதியாளரிடம் வாங்கிய பில்லையோ கேளுங்கள். வெளிநாட்டுக் கிழங்கு சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் முறைப்படி நாட்டுக்குள் வர முடியாது. நான் கேட்டபோது "அதெல்லாம் ஹோல்சேலுக்குத்தான்" என்று மழுப்பினார்கள்.

இப்போது அதே ஆள் வேறு பெயரில் புதுப் பக்கம் திறந்திருப்பதாக அக்கா அனுப்பினார். விளம்பரப் படத்தில் நீலம், மஞ்சளோடு ரத்தச் சிவப்பில் ஒரு ஐரிஸ் இருக்கும். ஐரிஸில் அசல் சிவப்பு என்று ஒரு நிறமே கிடையாது, அந்தப் படம் கண்ணில் பட்டால் ரிப்போர்ட் அடித்துவிடுங்கள்.