வடக்கு மேலேயா, நாம் போகும் பக்கம் மேலேயா?

போன் மேப்பில் வழி பார்ப்பவர்களுக்கு இரண்டு வசதி உண்டு. நாம் திரும்பும்போதெல்லாம் மேப்பும் சுழன்று, போகும் பக்கமே எப்போதும் மேலே இருப்பது ஒன்று. வடக்கு மேலேயே அசையாமல் நிற்க, அம்புக்குறி மட்டும் திரும்பித் திரும்பிப் போவது இன்னொன்று. பெரும்பாலானவர்கள் முதலாவதிலேயே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். நான் இரண்டாவதுக்கு மாறி, பைக்கில் அப்படித்தான் போகிறேன். அதனால் இதில் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

இந்த இரண்டு கணக்கும் மேப் வருவதற்கு முன்பே நம் தலைக்குள் இருப்பவைதான். ஒன்றை ஆள் கணக்கு என்று வைத்துக்கொள்வோம்: எனக்கு இடப்பக்கம், எனக்கு முன்னால், என் கைக்கு எட்டும் தூரம். மூளையின் மேல்பின்புறத்தில் உள்ள பெரைட்டல் பகுதிக்கு இதில் பெரிய பங்கு. இன்னொன்று ஊர்க் கணக்கு: கோயிலுக்கு மேற்கே பஸ் ஸ்டாண்ட், நான் எங்கே நின்றாலும், எப்படித் திரும்பினாலும். இது மூளையின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டிய எண்டோரைனல் பகுதியும் பார்க்கிற வேலை. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கிற மூளைச் செல்லை 1971-இல் ஜான் ஓகீஃப் காட்டினார். தரை முழுவதும் அறுகோணக் கட்டம் போட்டதுபோலத் துடிக்கிற செல்களை 2005-இல் மோசர் தம்பதி கண்டார்கள். மூவருக்கும் 2014-இல் நோபல். நடுவில் 1984-இல் ஜேம்ஸ் ராங்க், தலை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதற்கென்றே தனியாக செல்கள் இருப்பதைச் சொல்லியிருந்தார்.

சுழலும் மேப்பின் லாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரையில் இடது என்றால் ரோட்டிலும் இடது, யோசிக்கவே வேண்டாம். வடக்கு மேலே வைத்துத் தெற்கு நோக்கி ஓட்டிப் பாருங்கள். அம்புக்குறி கீழே பார்த்து இறங்கும். நீங்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டிய தெரு திரையில் வலப்பக்கம் கிடக்கும். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்போது இதைத் தலைக்குள் திருப்பிப் போடுவது பெரிய இம்சை. வேகத்தில் சுழலும் மேப்தான் ஜெயிக்கும். அதில் எனக்கு வாதமே இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: வழி அடைபட்டால் என்ன ஆகிறது?

மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர் விரிகிறது. ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. சித்திரைத் தேர் மாசி வீதியில் வரும் நாளில் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாயக்கர் மகாலுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். 'நேரே போய் இடது, அப்புறம் வலது' என்று மனப்பாடம் செய்தவருக்கு முதல் தடுப்பிலேயே எல்லாம் கலைந்துவிடும். ஒரு திருப்பம் பொய்த்தால் அதற்கடுத்த எல்லாத் திருப்பமும் பொய்தான். 'மகால் கோயிலுக்குத் தென்கிழக்கே' என்று மட்டும் தெரிந்தவர் எந்தச் சந்தில் தள்ளிவிடப்பட்டாலும் தெற்கும் கிழக்குமாக ஒதுங்கிப் போய்ச் சேர்ந்துவிடுவார். டீக்கடையில் கேட்டால் "இப்படியே கிழக்கால போயி, தெக்க திரும்புங்க தம்பி" என்கிற பெரியவர் சொல்வதும் இவருக்குத்தான் புரியும்.

இதையே எலியை வைத்துச் சோதித்தவர்கள் பேக்கர்டும் மெக்காவும், 1996-இல். கூட்டல் குறி போல நான்கு கை கொண்ட பாதை. தினமும் ஒரே கையிலிருந்து எலியை விடுவார்கள். இடது திரும்பினால் தீனி. சோதனை நாளில் நேர் எதிர்க் கையிலிருந்து விட்டார்கள். எட்டாம் நாளில் பெரும்பாலான எலிகள் தீனி இருந்த இடத்துக்கே போயின, அதாவது வலது திரும்பின. பதினாறாம் நாளில் பழக்கம் முற்றி, இடது திரும்பித் தவறான கைக்குப் போயின. அந்த நிலையில் பழக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் காடேட் பகுதியை மரத்துப்போக வைத்தால் எலி மறுபடியும் இடத்தைத் தேடிப் போனது! ஊர்க் கணக்கு அழியவில்லை, பழக்கத்துக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது. எனக்குக் கவலை தருவது இந்த அமுங்கல்தான். ஆள் கணக்குக்குப் பராமரிப்புச் செலவு இல்லை, ஓட ஓடத் தானே படிந்துவிடும். ஊர்க் கணக்கைப் புழங்கினால்தான் மேலே நிற்கும்.

புழக்கத்தின் பலனுக்கு லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உதாரணம். சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் சுமார் 25,000 தெருக்களைப் படித்துத் தேர்வெழுத வேண்டும். அவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்ததை 2000-இல் எலினார் மக்வயர் குழு காட்டியது. முன்பகுதி மற்றவர்களைவிடச் சிறிதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஓசியில் எதுவும் வருவதில்லை.

ஆனால் வடக்கை மேலே வைத்த மாத்திரத்தில் மூளை விழித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். லண்டன் சோஹோ தெருக்களை வைத்து 2017-இல் வந்த ஆய்வில், தாமே வழி தேடியபோது கலந்துகொண்டவர்களுக்குப் புதுத் தெருவில் நுழைகையில் ஹிப்போகேம்பஸ் துள்ளியது. கருவி சொன்னபடி போனபோது அந்தத் துள்ளல் இல்லை. குரல் வழிகாட்டி ஓடிக்கொண்டிருந்தால் மேப் எப்படி நின்றாலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் குரலை அணைத்துவிடுகிறேன். ஜிபிஎஸ் அதிகம் பயன்படுத்தினால் இட நினைவு வேகமாகக் குறைகிறது என்ற 2020 ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் மூன்று வருடம் கழித்து மறுபடி சோதித்தது 13 பேரைத்தான். அதை நம்பி யாரையும் பயமுறுத்த எனக்கு மனமில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இது அந்நியமான பழக்கமும் இல்லை. 1990-களில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் பார்த்தபோது, கிராமத்தார் மேஜை மேல் உள்ள பொருளுக்கே வடக்கு தெற்கு சொன்னார்கள், நகரத்தார் இடது வலது சொன்னார்கள். மொழிதான் இப்படிப் பழக்குகிறதா, சுற்றுப்புறமா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், முன்பின் தெரியாத ஊரில் இரவில் போய் இறங்கும்போதும் நானும் சுழலும் மேப்புக்குத்தான் போவேன். சென்னை அண்ணாசாலை மாதிரி தென்மேற்காகச் சாய்ந்து ஓடும் ரோட்டிலும் வடக்கு மேப் கொஞ்சம் படுத்தும். கிழக்கே கடல் இருப்பதால் சமாளிக்கலாம். மாற்றிப் பார்க்க நினைப்பவர்கள், மேப்பில் வழிகாட்டல் ஓடும்போது திரையில் தெரியும் திசைகாட்டிப் படத்தை ஒருமுறை தொட்டால் போதும். முதலில் நன்றாகத் தெரிந்த வழியிலேயே, வண்டி கிளம்புவதற்கு முன் மாற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள். தெற்கு நோக்கிப் போகும் தெருக்களில் மட்டும் கொஞ்ச நாள் தடுமாறும்.